பச்சை பிடித்த மூட்டை

பாலில் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுக்கொண்டே காளிச்சாமி கேட்டார்.

"என்னம்மணி, உன்ற காளான் பிரியாணி மயிலைக்கு ஒத்துக்கலியாட்ட?"

வரிசையில் பின்னால் நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். பொற்கொடியும் சிரிக்கத்தான் வாயெடுத்தாள். சோளத்தட்டில் காளான் பூஞ்சையை வளர்த்து மாட்டுக்குப் போடுகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து பால் சொசைட்டியில் இந்த மாதிரிப் பேச்சு அவளுக்குப் பழகிப்போயிருந்தது. ஆனால் காளிச்சாமி இன்றைக்கு முகத்தை நிமிர்த்தவில்லை.

"எந்த மயிலைங்க?"

"பங்காரம்மா ஊட்டுதுதான். வெடியால இருந்து எந்திரிக்கலியாமா. கழிச்சல் வேற. அந்தப் பையன் ரவிதேஜா டாக்டருக்குப் போன் மேல போன் போட்டுட்டு இருக்கறான். உனக்கு யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. பங்காரம்மாவுடையது எதிர் வீடு. இடையில் ஒரு தார்ச்சாலையும் ஒரு கிளுவை வேலியும்தான். அங்கே மாடு படுத்தது தனக்குத் தெரியாமல் சொசைட்டி வரைக்கும் வந்திருக்கிறதென்றால், பொற்கொடியிடம் சொல்லவேண்டாம் என்று அந்த வீட்டில் யாரோ நினைத்திருக்கிறார்கள். கேனை அப்படியே வைத்துவிட்டு நடந்தாள். ஓடினால் தப்பு செய்தவள் மாதிரி இருக்குமே என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததே வெட்கமாக இருந்தது. பிறகு ஓடினாள்.

அன்னூருக்கு வடக்கே அந்தப் பக்கம் இரண்டு வருஷமாக மழை ஏமாற்றிக்கொண்டிருந்தது. பெய்த ஒரே மழையும் சோளத்தட்டு அறுத்துப் போட்ட வாரத்தில் பெய்தது. நனைந்து கறுத்த தட்டுதான் எல்லார் வீட்டுப் போரிலும் இருந்தது. மாடுகள் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். பசிக்குத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது. தட்டில் பாதி வெறும் மரம். ஒரு பயிற்சி மையத்தில் மூன்று நாள் உட்கார்ந்து பொற்கொடி ஒரு வழி கற்றுக்கொண்டு வந்தாள். தட்டை இரண்டு விரல் நீளத்துக்கு நறுக்கி, ஊறவைத்து, ஆவியில் அவித்து, பிழிந்தால் சொட்டு விழாத ஈரத்தில் ஆறப்போட்டு, சிப்பிக் காளான் வித்தை அடுக்கடுக்காகத் தூவிப் பையில் கட்டி இருட்டறையில் வைத்தாள். மூன்று நாலு வாரத்தில் உள்ளே வெள்ளை நூல் பின்னிக்கொண்டது. அந்த வெள்ளைப் பூஞ்சை தட்டிலிருக்கும் மரத்தைத் தின்னும். மரம் போனால் உள்ளே அடைபட்ட சத்து மாட்டின் வயிற்றுக்கு எட்டும். காளான் மொட்டு விடுவதற்குள் பிரித்துப் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் அவளுடைய மாடுகளின் விலா எலும்பு மூடியது. கேலி செய்தவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மாட்டைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள்.

வாய்விட்டுக் கேட்ட முதல் ஆள் பங்காரம்மாதான். "எனக்கும் ரெண்டு மூட்டை குடு கண்ணு. மயிலை எட்டு மாசச் சினை. இந்தக் கருந்தட்டத் தின்னுட்டு அது எப்படிக் கன்னு போடும்?"

அது புதன்கிழமை. இன்று திங்கள்.

பங்காரம்மா வீட்டு மாட்டுக் கட்டுத்தரையில் மயிலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. சாம்பல் நிறக் காங்கேயம் பசு. அயலார் கிட்டே வந்தால் கொம்பை ஆட்டாமல் விடாத ரோஷக்காரி. பொற்கொடி தலைமாட்டில் குந்தியபோது அது கண்ணைக்கூடத் திருப்பவில்லை. கண் குழிந்திருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. இடது வயிறு உப்பியிருந்தது. கை வைத்து அழுத்தினால் உள்ளே தண்ணீர் தளும்புகிற மாதிரி இருந்தது. பின்னால் மஞ்சளாக நீர்த்த சாணம் குட்டையாகத் தேங்கி நின்றது.

"அசை போடலீங்களாக்கா?"

"நேத்துப் பொழுதோடவே நிறுத்திப்போட்டுது" என்றாள் பங்காரம்மா. சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் சென்னகிருஷ்ணன் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நேற்றுத்தான் முதல் திவசம். மஞ்சளும் பூவும் இல்லாத அந்த முகத்தில் தூக்கமும் இல்லை. "அவரு வாங்கிட்டு வந்த மாடு கண்ணு. காங்கேயத்துல இருந்து, அவரே வேன்ல கூட நின்னுட்டு வந்தாரு. இதும் போச்சுன்னா…"

மகன் ரவிதேஜா குறுக்கே வந்தான். கோயமுத்தூரில் வேலை, திவசத்துக்காக லீவு போட்டு வந்தவன். "அக்கா, கொஞ்சம் தள்ளுங்க. உங்களை யாரும் கூப்பிடலியே."

"நானா வந்தேன் சாமி."

"நீங்களா வந்து குடுத்த தட்டுதானே இது? அம்மாளுக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு பூசணத்த மூட்டை கட்டிக் குடுத்திருக்கீங்க. எங்க ஆபீஸ்ல சொன்னாச் சிரிப்பாங்க. பூசணம் புடிச்ச ரொட்டிய நாம திம்பமா?"

பொற்கொடி பதில் சொல்லியிருப்பாள். இதே கேள்விக்கு நூறு தடவை பதில் சொல்லியிருக்கிறாள். எல்லாப் பூசணமும் ஒன்றில்லை, இது சாப்பிடுகிற காளானின் வேர், தயிருக்குள் இருப்பதும் ஒரு பூச்சிதானே என்றெல்லாம். இன்றைக்கு அந்தப் பதில் நாக்குக்கு வரவில்லை. ஏனென்றால் தொட்டி ஓரத்தில், சனிக்கிழமை அவள் கொடுத்த அந்த மூன்றாவது மூட்டை பாதி பிரித்தபடி நின்றுகொண்டிருந்தது.

போன் அடித்தது. கால்நடை டாக்டர் யுஸ்ரா. ரவிதேஜா ஒலிபெருக்கியில் போட்டான்.

"மாடு நேத்து என்ன தின்னுச்சுங்க? தானியம், மாவு, சாப்பாடு, ஏதாச்சும்?"

"இல்லீங்க டாக்டர், தட்டுதான். அதும் பூசணத் தட்டு. அஞ்சு நாளா அதத்தான் போடறாங்க." தாயைத் திரும்பிப் பார்த்தான். "வேற ஏதாச்சும் போட்டியாம்மா?"

"தட்டுதான் சாமி. வேற என்ன இருக்குது போட?"

"சரி. அந்த மூட்டைல மிச்சம் இருந்தா தூக்கிப் போட்டுறாதீங்க, நான் பாக்கணும். எண்ணெய் அது இதுன்னு வாயில எதையும் ஊத்தாதீங்க. தண்ணி வெக்காதீங்க. மாட்டைச் சாயவிடாம நெஞ்சு மேல நிமிர்த்தி உக்கார வைங்க. இங்க ஒரு மாடு கன்னு போட்டுட்டு இருக்கு. முக்கால் மணி நேரத்துல வாரேன்."

மணல் நிரப்பிய சாக்கு இரண்டை விலாவுக்கு அண்டை கொடுத்து மயிலையை நிமிர்த்தினார்கள். ரவிதேஜா ஒரு பக்கம் தள்ள, பொற்கொடி மறுபக்கம் மாட்டின் கழுத்தைத் தோளில் தாங்கினாள். சினை வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தது. அதற்குள் ஒன்று அசைகிறதா என்று அவள் கை தானாகத் தேடியது. தெரியவில்லை.

முக்கால் மணி நேரம் என்பது நாற்பத்தைந்து நிமிஷம்தான் என்று யார் சொன்னது? அந்த நேரம் முழுக்கப் பொற்கொடிக்கு முன்னால் சனிக்கிழமை சாயங்காலம் நின்றுகொண்டிருந்தது.

சனிக்கிழமை பங்காரம்மா மறுபடி வந்தாள். நாளைக்குத் திவசம், சொந்தபந்தம் ஒறம்பரை வரும், மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்ட ஆள் இருக்காது, இன்னொரு மூட்டை கொடு என்றாள். இருட்டறையில் பதம் வந்த மூட்டை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் அடிப்பக்கத்தில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை. வெள்ளை வளரவேண்டிய இடத்தில் வேறொரு பூஞ்சை புகுந்து குடியேறியிருந்தது. பயிற்சியில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பச்சையோ கறுப்போ கண்ணில் பட்டால் அந்த மூட்டையை மறந்துவிடு, வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்காதே, கண்ணுக்குத் தெரிவதைப்போல் பத்து மடங்கு தெரியாமல் இருக்கும். பொற்கொடி அதை நோட்டில் எழுதிக் கீழே கோடும் போட்டிருந்தாள்.

கோடு போட்ட அதே கைதான் அரிவாளை எடுத்துப் பச்சையைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டிக் குழியில் போட்டது. மிச்சம் வெள்ளைவெளேர் என்று இருந்தது. முகர்ந்தாள், காளான் வாசம்தான் அடித்தது. வேறு சாக்கில் மாற்றிக் கட்டிக் கொடுத்துவிட்டாள்.

ஏன் கொடுத்தாள்? சினை மாட்டின் மேல் இரக்கம் என்று இரண்டு நாளாகத் தனக்குச் சொல்லி வந்திருக்கிறாள். இப்போது மாட்டின் கழுத்தைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பதில் நிற்கவில்லை. இந்த ஊருக்கு மருமகளாக வந்த இத்தனை வருஷத்தில், அவளிடம் மட்டுமே இருக்கிற ஒன்றைக் கேட்டு ஒருத்தி வாசலுக்கு வந்தது அதுதான் முதல்முறை. "இல்லீங்கக்கா, பத்து நாள் பொறுங்க" என்று சொல்லி அந்த நிமிஷத்தைக் கைநழுவ விட மனசில்லை. அவ்வளவுதான். அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. அன்றைக்கு அவளுடைய மாடுகளுக்கு வெறும் தட்டைத்தான் போட்டாள். அந்த மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளிப் போடவில்லை. ஏன் போடவில்லை என்று தன்னைக் கேட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டாள்.

மாடு முனகியது. பின்பக்கம் மறுபடி பீய்ச்சியது. பொற்கொடி எட்டிப் பார்த்தாள். மஞ்சள் நீரில் வெள்ளையாக ஏதோ மிதந்தது. பூஞ்சை நூலாக இருக்கும் என்று ஒரு குச்சியால் ஒதுக்கினாள். நூல் இல்லை. பருக்கை. சோற்றுப் பருக்கை, ஒன்றிரண்டு இல்லை.

தலையைத் தூக்கிக் கட்டுத்தரைக்கு வெளியே பார்த்தாள். குழாயடியில் பெரிய அலுமினிய அன்னக்கூடைகள் இரண்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. நேற்றைய சமையல். முப்பது இலைக்கு ஆக்கினார்கள். ஆனால் நேற்றைக்கே பக்கத்து ஊரில் அவர்கள் உறவில் ஒரு நிச்சயதார்த்தம் வந்துவிட்டது. வந்தது பத்துப் பன்னிரண்டு பேர்தான். பொற்கொடியும் போய் இலையில் உட்கார்ந்தாள். கூடை நிறையச் சோறு மிஞ்சிக் கிடந்ததைப் பார்த்தாள்.

அவள் மனசுக்குள் சட்டென்று ஒரு வெளிச்சம் அடித்தது. சோறு. என் மூட்டை இல்லை, சோறு!

அடுத்த நொடியே தன்னைப் பார்த்து அவளுக்கே கூசியது. தோளில் ஒரு மாடு செத்துக்கொண்டிருக்கிறது. தனக்கு வந்திருப்பது சந்தோஷம்.

கேட்டுவிடலாமா? பங்காரம்மா இரண்டு முறை தட்டுதான் என்று சொல்லிவிட்டாள். பொய் சொல்கிறவள் இல்லை அவள். பொய் இல்லையென்றால் அது என்ன? பொற்கொடிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. திவசத்தன்று மாட்டுக்கு வைப்பதைத் தீவனம் என்று யாரும் நினைப்பதில்லை. அகத்திக்கீரையும் பழமும் சோறும் வைப்பது போனவருக்கு வைப்பது. மாட்டின் வாய் வழியாக அவருக்குப் போய்ச் சேர்வது. மாடு என்ன தின்றது என்று டாக்டர் கேட்டால் யாராவது அதைச் சொல்வார்களா? கோயிலில் கொடுத்த திருநீறைச் சாப்பாட்டில் சேர்த்துச் சொல்கிற மாதிரி அல்லவா அது.

ஆனால் இப்போது அவள் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்தால் அது எப்படிக் கேட்கும்? பழியைத் தட்டிவிடுகிற கேள்வியாகத்தான் கேட்கும். அப்படிக் கேட்டால் அது உண்மையாகவும் இருக்கும், பாதிக்காவது.

ரவிதேஜா மூன்றாவது மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். "டாக்டருக்கு ஒரு கை போதும். மிச்சத்தக் கொளுத்திப்போடறேன். உங்க ஊட்டுல இருக்கறதையும் கொளுத்தோணும்."

"கொளுத்தாத சாமி. முழுசா இருக்கோணும்" என்றாள் பொற்கொடி.

"ஏன், பத்தரமா எடுத்து வெச்சுக் கண்காட்சில வெக்கறதுக்கா?"

"அதுல ஒரு விஷயம் இருக்குது. டாக்டர் வரட்டும், சொல்றேன்."

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. யுஸ்ரா இறங்கி வந்த வேகத்திலேயே கையுறையை மாட்டினாள். முப்பது வயசு இருக்கும். கண்ணிமையைப் புரட்டிப் பார்த்தாள், இடது வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள், சினையைச் சோதித்தாள். "கன்னு உசுரோட இருக்கு. ஆனா தாய் ரொம்ப வத்திப்போச்சு. யாருங்க அந்தத் தட்டுக் குடுத்தது?"

பொற்கொடி எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது. கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் நாலைந்து தலைகள். பால் அளந்து முடித்த காளிச்சாமியும் வந்து நின்றார்.

"நாந்தானுங்க. மொத ரெண்டு மூட்டை சுத்தமா இருந்துச்சு. சனிக்கிழமை குடுத்த மூணாவது மூட்டைல அடியில பச்சை புடிச்சிருந்துச்சுங்க. தூக்கிப் போட்டிருக்கோணும். வெட்டி எடுத்துப்போட்டு மிச்சத்தக் குடுத்துட்டேன். தெரிஞ்சேதான் குடுத்தேன்."

ரவிதேஜா மூட்டையைக் கொண்டுவந்து யுஸ்ராவின் காலடியில் வைத்தான்.

"என்ற மாட்டுக்கு அதைப் போடல" என்றாள். அதையும் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது.

ரவிதேஜா அவள் முன்னால் வந்து நின்றான். கை ஓங்கவில்லை, ஓங்கியிருந்தால் தேவலாம்போல இருந்தது அந்த முகம். "உங்கள அக்கான்னு கூப்பிட்டனே" என்றான். பங்காரம்மா பொற்கொடியை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள், தெரியாத ஆளைப் பார்ப்பது மாதிரி.

யுஸ்ரா மூட்டைக்குள் கையை விட்டு அள்ளி வெளிச்சத்தில் பார்த்தாள், முகர்ந்தாள். "நீங்க செஞ்சது தப்பு. அதைப் பொறவு பேசலாம். ஆனா இது மட்டும் இந்த மாட்டை இப்படிப் படுக்கப்போடும்னு எனக்குத் தோணல." வாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு வயிற்று நீரைக் கொஞ்சம் எடுத்தாள். புளித்த கள் மாதிரி நாற்றம் அடித்தது. ஒரு காகிதப் பட்டையை அதில் நனைத்தாள். நிறம் மாறியதைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். "பயங்கரப் புளிப்பு. மாவுச்சத்து ஏதோ எச்சாப் போயிருக்கு. அரிசி, சோறு, ராகி, என்ன குடுத்தீங்க?"

"தட்டுதான் டாக்டர்" என்றான் ரவிதேஜா.

"சாணத்துல பருக்கை கெடக்குதே" என்றாள் யுஸ்ரா.

எல்லார் கண்ணும் சாணத்துக்குப் போய்ப் பங்காரம்மாவிடம் திரும்பின. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதுங்களா? நேத்து அவருக்கு வெச்சதுங்க. கீரையோட ஒரு உருண்டை. எல்லாரும் வெக்கறதுதானுங்க."

"ஒரு உருண்டைக்கு இது ஆகாதுங்கம்மா. எவ்வளவுன்னு சரியாச் சொல்லுங்க. கொஞ்சமா இருந்தா மருந்து போதும். எச்சா இருந்தாக் குழாய் விட்டு வயித்தக் கழுவோணும். அதுக்கும் மேலன்னா வயித்தத் தொறந்து எடுக்கோணும், இந்தச் சினைல அது பெரிய ஆபத்து. தெரியாம நான் எதும் செய்ய முடியாது."

"ஒரு உருண்டைதானுங்க" என்றாள் பங்காரம்மா மறுபடியும். குரல் ஒடுங்கியிருந்தது.

பொற்கொடி அவள் பக்கத்தில் போய்க் குந்தினாள். பங்காரம்மா காலை இழுத்துக்கொண்டாள். அந்தச் சின்ன அசைவு பொற்கொடிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நகரவில்லை.

"அக்கா. நானும் நேத்து இலைல உக்காந்தனுங்க. கூடையப் பாத்தேன். பச்சைய மறைச்சு நான் குடுத்தது குடுத்ததுதான், அது எங்கயும் போகாது. உங்களக் கோத்துவிட்டு நான் தப்பிக்கோணும்னு கேக்கல." சொல்லும்போதே அது முழு உண்மையா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. "மயிலைக்காகத் தெரியோணுங்கக்கா. எத்தனை?"

பங்காரம்மாவின் வாய் கோணியது. "அவருக்குன்னு ஆக்கின சோறு கண்ணு. பேரு சொல்லி ஆக்கினது. முப்பது பேருக்கு ஆக்கி வெச்சுட்டு வாசலப் பாத்துட்டே நின்னேன். ஒருத்தனுங் காணோம். நிச்சயத்துக்குப் போயிட்டாங்க எல்லாரும். ஒரு வருசத்துல மறந்துபோட்டாங்க. அதக் குப்பைல கொட்டச் சொல்றியா? நாய்க்குப் போடச் சொல்றியா?" மூச்சு வாங்கினாள். "மயிலை தின்னுச்சு. ஆசை ஆசையாத் தின்னுச்சு. அவரு வந்து திங்கற மாதிரியே இருந்துச்சு எனக்கு. வெக்க வெக்கத் தின்னுச்சு."

"எத்தனைங்கக்கா?"

"ஒரு கூடை முழுசா. ரெண்டாவதுல பாதி."

ரவிதேஜா "அம்மா" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

யுஸ்ரா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "எத்தனை மணிக்கு?"

"மத்தியானம் மூணு மணிக்குமேல."

"பதினெட்டு மணி நேரம் ஆகல. கழுவிப் பாக்கலாம். ரெண்டு மணி நேரத்துல தெளியலைன்னா வெட்டித்தான் ஆகோணும்." சட்டைக் கையை மடக்கினாள். "வெதுவெதுன்னு தண்ணி, எத்தனை குடம் முடியுமோ அத்தனை. ஆப்பச்சோடா ஊட்டுல இருக்கறதெல்லாம் எடுத்துட்டு வாங்க."

அதற்குப் பிறகு யாரும் யாரையும் பார்க்க நேரமில்லை. பொற்கொடி தன் வீட்டுக்கு ஓடினாள். தட்டு அவிக்கிற பெரிய அண்டாவில் தண்ணீரைப் பற்றவைத்தாள். பக்கத்து வீட்டில் சோடா வாங்கினாள். குடத்தைச் சுமந்து ரோட்டைத் தாண்டினாள். யுஸ்ரா கைத் தடிமனில் ஒரு குழாயை மாட்டின் வாய் வழியாக இறக்கி, புனல் வைத்துத் தண்ணீரை ஊற்றி, குழாயின் நுனியைத் தாழ்த்தினாள். புளித்த கஞ்சி மாதிரி வெள்ளையாகக் கொட்டியது. அதில் சோறு சோறாகத் தெரிந்தது. இன்னொரு குடம். மறுபடி கொட்டியது. ரவிதேஜா மூக்கணாங்கயிற்றை இறுக்கிப் பிடித்துத் தலையை நிமிர்த்திக்கொண்டிருந்தான். அவன் பேண்ட், சட்டை எல்லாம் அந்தக் கஞ்சி. பொற்கொடியின் இடுப்பு விட்டுப்போகிற மாதிரி வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தது. பதினோராவது குடத்துக்குமேல் எண்ணவில்லை.

பிறகு கழுத்து நரம்பில் ஊசி, பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸ் மாதிரி நீர், வாயில் சோடாக் கரைசல். யுஸ்ரா அரை மணிக்கொரு தரம் காகிதப் பட்டையை நனைத்துப் பார்த்தாள். இரண்டு தரம் தலையாட்டினாள், இல்லை என்று. அறுவைக்கான கத்திப்பையை எடுத்துக் கழுவிய பலகைமேல் விரித்து வைத்தாள். பங்காரம்மா அதைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாவது தரம் பட்டையின் நிறத்தைப் பார்த்து யுஸ்ரா வயிற்றில் காதை வைத்தாள். ரொம்ப நேரம் காதை எடுக்கவேயில்லை. "வயிறு அசையுது" என்றாள். "லேசாத்தான். ஆனா அசையுது." கத்திப்பையைச் சுருட்டினாள்.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு மயிலை ஒரு பெரிய ஏப்பம் விட்டது. பின்னங்காலை உதறி எழப் பார்த்து, முடியாமல் சாய்ந்து, மறுபடி உதறி எழுந்து நின்றது. நாலு காலும் நடுங்கின. ரவிதேஜா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"இன்னும் ரெண்டு நாள் தாண்டோணும். கன்னு தங்குமான்னு அதுக்கப்புறந்தான் சொல்ல முடியும்" என்றாள் யுஸ்ரா, கையைக் கழுவிக்கொண்டே. "ஒரு வாரத்துக்குக் காஞ்ச தட்டு மட்டும், கொஞ்சங் கொஞ்சமா." பொற்கொடியைப் பார்த்தாள். "உங்க வேலைல தப்பில்லைங்க. சுத்தமா இருக்கற மூட்டை மாட்டுக்கு நல்லதுதான். ஆனா இந்த மாதிரி ஒரு மூட்டை போதும், நாளைக்கு ஒரு மாடு நெசமாவே போயிரும். அன்னிக்கு நீங்க சொன்னாலும் யாரும் கேக்கமாட்டாங்க."

"தெரியுதுங்க."

ஸ்கூட்டர் போன பிறகு ரவிதேஜா பொற்கொடியைக் குழாயடிக்குக் கூப்பிட்டான். ஈரச் சட்டையை முறுக்கிப் பிழிந்துகொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"அக்கா, கோவத்துல பேசிப்போட்டேன்."

"பேசவேண்டியதுதானே சாமி."

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. வேலிக்கிட்ட நின்னவங்களுக்கு நீங்க பச்சைன்னு சொன்னதுதான் கேட்டுது. அம்மா சொன்னது பாதிக்குமேல கேட்டிருக்காது. அப்பாவுக்கு வெச்ச சோத்துலதான் மாடு படுத்துதுன்னு ஊர்ல பேச்சு வந்தா அம்மா தாங்கமாட்டாங்க. அப்பா ஏத்துக்கலைம்பாங்க, அப்படி இப்படிம்பாங்க. பூசணத் தட்டுன்னே இருந்துட்டுப் போகட்டுமே. உங்களுக்கு…" முடிக்கவில்லை.

உங்களுக்கு என்ன என்று அவன் கேட்க வந்தது அவளுக்குப் புரிந்தது. உங்களுக்கு வீட்டுக்காரர் இருக்கிறார், இரண்டு கொழுத்த மாடு இருக்கிறது. பூசணத்தால் மாடு படுத்தது என்று ஆகிவிட்டால் இந்த ஊரில் இனி ஒருத்தரும் அந்தத் தட்டைத் தொடமாட்டார்கள். போரில் கருந்தட்டு மக்கும், மாடுகள் எலும்பாகி அடிமாட்டுக்குப் போகும், அவள் மறுபடி வெறும் எதிர்வீட்டு மருமகள் ஆவாள். கடைசியில் நினைத்ததுதான் எல்லாவற்றையும்விட அதிகமாக வலிக்கிறது என்பதை அவள் கவனித்தாள். கவனித்துவிட்டு, பரவாயில்லை என்று விட்டாள். வலிப்பது வலிக்கிறது.

"என் தப்ப நான் எல்லாருக்கும் சொல்லியாச்சு. இனியுஞ் சொல்வேன்" என்றாள். "உங்கம்மா விஷயத்த நான் யாருகிட்டயும் எடுக்கமாட்டேன். ஆனா தட்டுனாலதான் படுத்துச்சான்னு ஒருத்தர் நேரா வந்து கேட்டா, ஆமான்னு என் வாயில வராது சாமி. நாளைக்கு இன்னொருத்தர் ஊட்டுல சோத்த வெப்பாங்க. அவங்க மாட்டுக்கு யாரு சொல்றது?"

அவன் குழாயைத் திருகி மூடினான்.

கட்டுத்தரையில் பங்காரம்மா மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றாள். அவர்கள் பேசியது அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. பொற்கொடி மெதுவாகக் கிளம்பத் திரும்பினாள்.

"எங்க போற?" என்றாள் பங்காரம்மா. கோபமான குரல்தான். "இந்தா, கயித்தப் புடி. தள்ளாடுது. நான் அக்கட்ட போயிட்டு வாரேன்."

கயிற்றை அவள் கையில் திணித்துவிட்டுச் சேலைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகினாள். "ஏனுங்க காளிச்சாமி, சித்த நில்லுங்க!" என்று சத்தம் போட்டுக்கொண்டே வேலியோரம் போய்க்கொண்டிருந்த அவரை நோக்கி நடந்தாள். ரவிதேஜா "அம்மா, வேண்டாம்மா" என்று பின்னால் இரண்டடி வைத்தான்.

பொற்கொடிக்கு அங்கே பேசுவது காதில் விழவில்லை. மயிலையின் மூச்சு கழுத்தோரம் சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது. கிளுவைக் கிளைகளுக்கு நடுவே காளிச்சாமியின் வாய் திறந்தபடி நிற்பது தெரிந்தது. பங்காரம்மா அவருக்கு நேராக நின்று வலது கையைத் தன் முழங்காலுக்குக் கீழே தாழ்த்தினாள். பிறகு மெல்ல மேலே உயர்த்தி இடுப்புக்கு நேரே நிறுத்தி, மாட்டுக்கு வைத்த சோறு இவ்வளவு உயரம் என்று காட்டினாள்.